ஸ்டியரிங் ஆடுதா? கேமரன் மலைக் காடியில் எதை வீட்டிலேயே மாத்தலாம், எதைத் தொடக் கூடாது?

"ஸ்டியரிங் கொஞ்சம் லூசா இருக்கு, பரவால்ல, ஓடும்." பழைய காடி நிற்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சமதளத்தில் அது ஓடவும் செய்யும். ஆனால், தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும் 59ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இறங்குகிறீர்கள். வழியெல்லாம் வளைவு. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், எதிரே காய்கறி லாரி. அங்கே "கொஞ்சம் லூசு" என்பதற்கு வேறு அர்த்தம்.

யூடியூபைப் பார்த்து டை ராட் எண்டை வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? மாற்றலாம். கையில் சரியான கருவியும், ஒரு மதிய நேரமும், பொறுமையும் இருந்தால் போதும். அதே ஸ்டியரிங்கில் நீங்கள் தொடவே கூடாத பாகங்களும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

மலையில் ஏன் சீக்கிரம் தேயுது?

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டம் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்திலிருந்து வளர்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் நட்ட செடிகள் அவை. தோட்டத்துக்குள் போகும் பாதைகள் இன்றும் குறுகலானவை. பல இடங்களில் ஒரு காடி மட்டுமே போக முடியும், எதிரே இன்னொன்று வந்தால் ஒருவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். தார் முடிந்த இடத்தில் செம்மண்ணும் கல்லும்.

இந்தப் பாதைகளுக்கு ஏற்ற வண்டியாக ஊருக்குள் குடியேறியதுதான் லேண்ட் ரோவர். 1948இல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. அதே ஆண்டு தொடங்கி 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் பிரிட்டிஷ் ராணுவமும் அதைப் பயன்படுத்தியது. இன்றும் கேமரன் மலையில் முட்டைக்கோஸ் கூடைகளோடு ஏறி இறங்கும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்கலாம். அவற்றில் சில, ஓட்டுகிறவரைவிட வயது மூத்தவை.

சரி, தேய்மானத்துக்கு வருவோம். ஸ்டியரிங்கின் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் இரும்புக் குண்டு, அதைப் பிடித்திருக்கும் ஒரு கிண்ணம், உள்ளே கிரீஸ், வெளியே ஒரு ரப்பர் உறை. நம் தோள்மூட்டு மாதிரிதான். ரப்பர் உறை நல்லபடி இருக்கும்வரை மூட்டு பல ஆண்டு உழைக்கும். உறையில் ஒரு சின்ன வெடிப்பு வந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியேறும், கூடவே செம்மண் தூசி நுழையும். அந்தத் தூசி மணல்தாள் போல வேலை செய்யும். மழையும் சேறும் ஆண்டு முழுக்க இருக்கிற ஊரில் இது வேகமாக நடப்பதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது காடியின் பாரம் முன் சக்கரங்களுக்குத் தாவுகிறது. மூட்டு தேய்ந்திருந்தால், அந்த நேரத்தில் சக்கரம் தானாகச் சில மில்லிமீட்டர் திரும்பிக்கொள்ளும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே காடி ஒரு பக்கம் இழுக்கும். நேர்ச்சாலையில் இது தொந்தரவு, வளைவில் ஆபத்து.

எது ஆடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாகம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நிறைய பேர் சத்தத்தைக் கேட்டு ஊகித்து, தேயாத பாகத்தை மாற்றிவிட்டு, "அப்பவும் ஆடுது" என்கிறார்கள்.

முதலில் ஸ்டியரிங்கை எது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாகா, மைவி, கஞ்சில் போன்ற காடிகளில் ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு பல்சக்கரம். அது ரேக் எனப்படும் பற்கள் வைத்த நீளக் கம்பியை இடமும் வலமும் தள்ளும். ரேக்கின் இரண்டு முனைகளிலும் ரேக் எண்ட் என்ற உள்மூட்டு, அதிலிருந்து ஒரு கம்பி, அதன் முனையில் டை ராட் எண்ட் என்ற வெளிமூட்டு. வெளிமூட்டுதான் சக்கரத்தைத் திருப்புகிறது. சக்கரத்தைக் கீழே பிடித்துக்கொண்டிருப்பது லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். காடி தரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். தம்பியையோ அக்காவையோ உள்ளே உட்காரவைத்து, ஸ்டியரிங்கை ஓரிரு அங்குலம் மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். காடிக்கு அடியில் படுக்க வேண்டாம். நல்ல மூட்டில் இரண்டு பக்கமும் சேர்ந்தே அசையும். தேய்ந்ததில் ஒரு பக்கம் முதலில் நகரும், மறுபக்கம் ஒரு கணம் தாமதித்து 'டக்' என்று பின்தொடரும். அந்த டக் விரலுக்குத் தெளிவாகத் தெரியும், காதைவிட விரல் நம்பகமானது.

பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டேண்டில் நிறுத்தி, டயரைக் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். 12 மணி, 6 மணி இடங்களில் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆடினால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

கோடு எங்கே?

வெளிமூட்டை, அதாவது டை ராட் எண்டை, வீட்டிலேயே மாற்றலாம். அதன் ரப்பர் உறையையும் மாற்றலாம். ஆனால், உள்ளே மண் போய்விட்ட மூட்டுக்குப் புது உறை போடுவது, ஓட்டைப் பல்லுக்கு மேலே வெள்ளை பூசுகிற மாதிரி.

ரேக் எண்ட் கொஞ்சம் கஷ்டம். அதற்கென்று ஒரு நீளமான குழாய்க் கருவி வேண்டும், முதல் முறை செய்கிறவர் பக்கத்தில் அனுபவசாலி ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் பல காடிகளில் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும், வீட்டுச் சுத்தியலால் அதை நேராக ஏற்ற முடியாது. அந்த மூட்டு கழன்றால் சக்கரமே காடிக்கு அடியில் மடங்கிவிடும். இதை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

ரேக்கைத் திறப்பது, மைவி மாதிரி காடிகளின் மின் பவர் ஸ்டியரிங்கைக் கழற்றுவது, ஏர்பேக் இருக்கும் ஸ்டியரிங் வீலைக் கழற்றுவது மூன்றும் வீட்டு வேலையே இல்லை. ஸ்டியரிங் பாக்ஸ் உள்ள பழைய வண்டிகளில் மேலே ஒரு சரிசெய்யும் திருகு இருக்கும். "அதை முறுக்கினா ஆட்டம் போயிரும்" என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். ஆனால், தேய்ந்தது மூட்டாக இருக்க, பாக்ஸை இறுக்கினால் ஸ்டியரிங் நடுவில் இறுகிக்கொள்ளும், வளைவிலிருந்து தானாக நேராகத் திரும்பி வராது. மூட்டுகளைச் சரிசெய்த பிறகும் ஆட்டம் இருந்தால் மட்டும், விஷயம் தெரிந்த ஃபோர்மேனிடம் பாக்ஸைக் காட்டுங்கள்.

வேலையைத் தொடங்குவோம்

இடம்தான் முதல் பிரச்சினை. தோட்ட வீடுகளின் முற்றம் சரிவாக இருக்கும், தரை ஈரமாக இருக்கும். சரிவில் செய்யாதீர்கள். கோயில் முன்னாலோ, கடை முன்னாலோ, கொஞ்சம் சமமான சிமெண்டுத் தரை கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். மண் தரைதான் என்றால் ஸ்டேண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள், இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் ஸ்டேண்ட் புதையும். பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. காடியோடு வந்த ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டுமே. காடியின் பாரம் ஸ்டேண்டில் இருக்க வேண்டும், ஜாக்கில் இருக்கும் காடிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.

சக்கர நட்டுகளை, காடி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்கிச் சக்கரத்தைக் கழற்றுங்கள். டை ராட் எண்டுக்குப் பின்னால், கம்பியில் ஒரு லாக் நட் இருக்கும். அதைத் தொடுவதற்கு முன் துருவைப் பிரஷால் தேய்த்து, எண்ணெய் தெளித்து, மூட்டின் குண்டு நடுவிலிருந்து லாக் நட்வரை உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெயிண்டில் ஒரு கோடும் போடுங்கள். ஏன் இத்தனை கவனம்? சாதாரணமாக அந்தத் திருகின் ஒரு சுற்று, கம்பியை ஒன்றரை மில்லிமீட்டர் நீட்டும் அல்லது குறைக்கும். கேட்கச் சின்ன அளவு. ஆனால், சக்கரத்தைத் திருப்பும் கை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான் நீளம் என்பதால், அந்த ஒரு சுற்றிலேயே சக்கரம் அரை டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். சக்கரக் கோணத்துக்கு அது பெரிய பிசகு, டயர் சில வாரத்தில் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பிறகு மூட்டின் அடியில் இருக்கும் ஸ்பிளிட் பின்னை நேராக்கி இழுத்து எடுங்கள், நட்டைக் கழற்றுங்கள். இப்போது மூட்டு கையோடு வந்துவிடும் என்று நினைப்பீர்கள். வராது. அந்தத் தண்டு கூம்பு வடிவம், கூம்பான ஓட்டைக்குள் உட்கார்ந்து பல வருடமாக இறுகியிருக்கிறது. நட் அதை உள்ளே இழுத்துப் பிடிக்க மட்டுமே, உண்மையான பிடி அந்தக் கூம்பில்தான்.

இங்கேதான் கோபம் வந்து தண்டின் முனையிலேயே அடிக்கிறார்கள். மூட்டு தூக்கிப் போடுவதுதான் என்றாலும், அடி ரேக்குக்குப் போகும். செய்ய வேண்டியது வேறு. நட்டை ஓரிரு சுற்று மறுபடி ஏற்றிவிடுங்கள், மூட்டு திடீரென்று விழாமல் பிடிக்கும். பிறகு தண்டு நுழைந்திருக்கும் ஸ்டியரிங் கையின் வெளிப்பக்கத்தில், பக்கவாட்டில், கனமான சுத்தியலால் உறுதியாக இரண்டு மூன்று அடி. முடிந்தால் எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலை அண்டைகொடுங்கள். அடியில் அந்த இரும்பு வளையம் ஒரு கணம் வடிவம் மாறும், கூம்பு 'டொக்' என்று விடும். பால் ஜாயிண்ட் இழுப்பான் என்ற திருகுக் கருவி இருந்தால் இன்னும் சுலபம். கவை மாதிரி இருக்கும் ஆப்பும் கிடைக்கும், ஆனால் அது ரப்பர் உறையைக் கிழிக்கும், மறுபடி போடப்போகிற மூட்டுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். நெருப்பு காட்டுவது வேண்டவே வேண்டாம்.

மூட்டு விட்டதும் அதைச் சுற்றிச் சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். புதிய மூட்டின் நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறலாம், அதனால் கடைசி முடிவு நீங்கள் எழுதிவைத்த அளவுதான், சுற்று எண்ணிக்கை அல்ல.

கூம்பையும் ஓட்டையையும் துணியால் சுத்தமாகத் துடைத்து, உலர்வாகவே சேருங்கள். கிரீஸ் தடவினால் கூம்பு சரியாகப் பிடிக்காது. நட்டை இறுக்கும்போது தண்டும் கூடவே சுற்றினால், மூட்டை மேலிருந்து ஜாக்காலோ கிளாம்பாலோ அழுத்திக் கூம்பை உட்காரவையுங்கள், பிறகு சுற்றாது. இறுக்க அளவைக் காடியின் வொர்க்‌ஷாப் மேனுவலிலிருந்து எடுத்து, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். "கையில தெரியும்" என்பது இருபது வருஷம் இந்த வேலை செய்தவருக்கு.

பத்துக் காசு பெறாத கம்பி

இந்த வேலையில் நான் மிகவும் பயப்படும் இடம் ஸ்பிளிட் பின். தேய்ந்த மூட்டு மாதக்கணக்கில் எச்சரிக்கை கொடுக்கும். சத்தம் வரும், ஆடும், இழுக்கும். பின் போட மறந்த நட் எதுவும் சொல்லாது. தோட்டப் பாதையின் குலுக்கலில் மெல்ல மெல்லக் கழன்று, ஒரு நாள் விழும். அடுத்த வளைவில் ஸ்டியரிங் திரும்பும், ஒரு சக்கரம் திரும்பாது.

நட்டின் மேல் கோட்டைச் சுவர் மாதிரி வெட்டுகள் இருக்கும். தண்டில் ஓர் ஓட்டை. இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் பின் நுழையும். சரியான இறுக்கத்தில் அவை நேராக வரவில்லை என்றால், அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். பின் நுழைவதற்காக ஒருபோதும் தளர்த்தாதீர்கள். பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள், ஒரு முறை மடங்கிய கம்பி அடுத்த முறை உடையும். சில புதிய மூட்டுகள் பின் இல்லாமல், நைலான் வளையம் வைத்த நட்டோடு வரும். அந்த நட்டும் ஒரு முறைக்குத்தான்.

பாகம் வாங்கும்போதும் ஒரு வார்த்தை. ஹாஃப் கட் கடைகளில் இன்ஜின் வாங்கலாம், கதவு வாங்கலாம். ஸ்டியரிங் மூட்டு வாங்காதீர்கள். உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆன்லைனில் நம்ப முடியாத மலிவில் வரும் 'ஒரிஜினல்' பெட்டிகளையும் அதே கண்ணால் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே மழையில், அதே பாதையில்தான் ஓடியிருக்கிறது. அதையும் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

அலைன்மென்ட் இல்லாமல் இறங்கலாமா?

எவ்வளவு கவனமாக அளந்தாலும், வீட்டில் செய்தது கிட்டத்தட்டச் சரியானதுதான். அலைன்மென்ட் கடைக்குக் கட்டாயம் போக வேண்டும். பிரச்சினை, அந்தக் கடைக்கு மலையிறங்கித்தான் போக வேண்டும் என்றால் என்ன செய்வது?

இறங்குவதற்கு முன் டேப் வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டு முன் டயர்களின் பின்பக்கத்தில், சக்கர நடு உயரத்தில், டயரின் நடுவில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளவெடுங்கள். காடியை முன்னால் தள்ளி, அதே கோடுகள் முன்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளவெடுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. உங்கள் காடிக்கு மேனுவல் சொல்லும் அளவிலிருந்து அது பல மில்லிமீட்டர் விலகியிருந்தால் இறங்காதீர்கள், லாக் நட்டைத் தளர்த்தித் திரும்பச் சரிசெய்யுங்கள். முடிந்ததும் லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸ் எதிலும் உரசவில்லை, ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளவில்லை என்று பாருங்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, நட்டுகளையும் பின்னையும் இன்னொரு முறை பாருங்கள். கடைக்குப் போனதும், "அண்ணே, டை ராட் எண்ட் நானே மாத்தினேன், இறுக்கமும் பாருங்க" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். காடியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் அடிப்பாகத்தையும் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுக்கும் அளவையும் எப்படியும் பார்ப்பார்கள்.

தாத்தாவின் லேண்ட் ரோவரா?

அப்படியென்றால் கணக்கு வேறு. பழைய சீரிஸ் லேண்ட் ரோவரில் ரேக் கிடையாது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து ஒரு கம்பி, நடுவில் ரிலே என்ற திருப்பு அச்சு, அங்கிருந்து சக்கரத்துக்கு ஒரு கம்பி, இரண்டு சக்கரத்தையும் இணைக்க ஒரு கம்பி. மொத்தம் ஆறு மூட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் ஆடினால்கூட, எல்லாம் சேர்ந்து உங்கள் கையில் ஒரு சாண் ஆட்டமாக வந்து நிற்கும். 1983இலிருந்து வந்த, பிறகு டிஃபெண்டர் என்று பெயர் பெற்ற வண்டிகளில் ரிலே இல்லை, மூட்டுகள் நான்கு.

மூட்டுகளை மாற்றும் முறை மேலே சொன்னதுதான், ஆனால் லாக் நட்டுக்குப் பதில் குழாயைச் சுற்றிக் கிளாம்ப் இருக்கும். குழாயின் ஒரு முனையில் வலத் திருகு, மறுமுனையில் இடத் திருகு. தப்பான பக்கம் முறுக்கி அரை நாளைத் தொலைக்காதீர்கள். டிஃபெண்டருக்கு மூட்டு நட்டின் இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர். இந்த வண்டிகளின் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின்பக்கம் போகும் புரொப்பெல்லர் தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரம் தரையை விட்டாலே வண்டி உருளும். கட்டை போடாமல் ஜாக்கைத் தொடாதீர்கள்.

சீரிஸ் வண்டியின் ரிலேவை மட்டும் நீங்கள் பிரிக்கவே வேண்டாம். உள்ளே பலமாக அழுத்தி வைக்கப்பட்ட ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. கட்டுப்பாடில்லாமல் திறந்தால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி பாய்ந்து வரும். சேஸிஸின் முன் குறுக்குச் சட்டத்தில் துருப்பிடித்து இறுகிப்போயிருப்பதால் அதை வெளியே எடுப்பதே தனிப் போராட்டம். பிரிக்காமல் முழு ரிலேவாக மாற்றித் தரும் ஆளைத் தேடுங்கள்.

அலைன்மென்ட் கடையில் எந்த மாடல் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சீரிஸ் வண்டிக்கு முன் சக்கரங்கள் 1.2 முதல் 2.4 மி.மீ. வரை உள்நோக்கி இருக்க வேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் டிஃபெண்டருக்கு நேர்மாறு, நேராகவோ அல்லது 2 மி.மீ.க்குள் வெளிநோக்கியோ. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், கடையில் ஒன்றின் அளவை மற்றதுக்கு வைத்துவிட வாய்ப்பு உண்டு.